ஐஸ் இல்லாட்டி பனிக்கரடி கரையிலேயே தின்னு பொழைச்சுக்கக் கூடாதா?

தாளவாடி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. தாளவாடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் எடுக்கறேன். ஏழாம் வகுப்புல துருவப் பகுதி பத்திப் பேசிட்டிருந்தப்ப பனிக்கரடி வந்துச்சு. கடல்ல ஐஸ் குறையக் குறைய அதுக்குத் தீனி கிடைக்காமப் போகுதுன்னு சொன்னேன். கடைசி பெஞ்சுல ஒரு பையன் எந்திரிச்சு, "ஏன் மிஸ், ஐஸ் உருகினா கரைக்கு வந்து வேற எதையாச்சும் தின்னுக்க வேண்டியதுதானே? எங்க தோட்டத்துக்கு வர்ற கரடி கரையான் புத்தை நோண்டுது, நாவப்பழம் திங்குது, தேனடையைப் பிச்சுப் போடுது, கொன்னைக்காயைக்கூட விடறதில்ல"ன்னு கேட்டான். அவங்க வீடு காட்டை ஒட்டியே இருக்குதுங்க, கரடியை நேர்ல பார்த்து வளர்ந்தவன். கோத்தகிரிப் பக்கம் கரடி கோயிலுக்குள்ள புகுந்து விளக்கெண்ணெயைக் குடிச்சுட்டுப் போற கதையையும் இன்னொருத்தன் எடுத்து விட்டான். வகுப்பு மொத்தமும் அவனுக பக்கம் சாஞ்சிருச்சு.

"அது வேற கரடி, இது வேற கரடி"ன்னு சொல்லி உக்கார வெக்க எனக்கு மனசு வரலீங்க. நியாயமான கேள்வி. பசங்களுக்குப் புரியற மாதிரி, ஆனா நெசமான பதிலா யாராவது சொல்லுங்க. நம்மூர் கரடி மாதிரி பனிக்கரடியும் குட்டியை முதுகுல தூக்கிட்டுப் போகுமான்னு ஒரு புள்ளை கேட்டிருக்கா, அதுவும் பாக்கி இருக்கு.

கொரங்காடு டாக்டர்

டீச்சரம்மா, அந்தப் பையன் கேட்டதைத்தானுங்க ஆராய்ச்சிக்காரங்களும் கேட்டாங்க. கனடாவுல ஹட்சன் விரிகுடாவோட மேற்குக் கரையில 20 பனிக்கரடிக்குக் கழுத்துப் பட்டையில கேமரா மாட்டி, கோடையில கரையில அதுக என்ன செய்யுது, என்ன திங்குதுன்னு மூணு வாரம் வரைக்கும் பார்த்தாங்க. 2024 பிப்ரவரியில முடிவு வெளிவந்துச்சு. சிலது அசையாமப் படுத்தே கிடந்துச்சு. சிலது காட்டுப் பழம், புல்லு, பறவை, பழைய எலும்புன்னு அலைஞ்சு தின்னுச்சு. சிலது கடல்ல இறங்கி நீந்திப் போச்சு, அதுல ஒண்ணு 175 கிலோமீட்டர் போயிருக்கு. நீந்தினதுல ரெண்டு, கடல்ல செத்து மிதந்த உடம்பைக் கண்டுபிடிச்சும் தண்ணிக்குள்ள வெச்சுத் திங்கவும் முடியல, கரைக்கு இழுத்துட்டு வரவும் முடியல.

கடைசியில எடை போட்டுப் பார்த்தா 20-ல 19 இளைச்சிருக்கு. சராசரியா நாளுக்கு ஒரு கிலோ. படுத்துக் கிடந்ததும் இளைச்சுது, தேடித் தின்னதும் இளைச்சுது. தின்னதுல வந்த தெம்பு, அதைத் தேடி அலைஞ்ச அலைச்சலுக்கே போயிருச்சுங்க. பையன்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க: கரையில திங்கத்தான் செய்யுது, தின்னும் கட்டுப்படியாகறதில்ல.

ஏன் கட்டுப்படியாகலைன்னா உடம்பு அளவைப் பார்க்கணும். நம்ம சத்தியமங்கலம் காட்டுக் கரடியில நல்ல ஆண் 100 கிலோவை ஒட்டி இருக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன. மேல்தாடையில நடு முன்பல்லு ரெண்டும் அதுக்குக் கிடையாது. அந்தச் சந்து வழியா கரையானை உறிஞ்சறதுக்குன்னே அமைஞ்ச வாய். நகம் நீளமா, மம்முட்டியாட்டம் புத்தைப் பேக்கறதுக்கு. ஆண் பனிக்கரடி 300 கிலோவுல இருந்து 600 கிலோ வரைக்கும் போகும். நகம் குட்டை, பாதம் ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் அகலம், ஐஸ் மேல வழுக்காம நடக்கவும், சீல்ங்கற கடல் பிராணியைப் பிடிச்சு இழுக்கவும் உள்ள கால். அத்தனை பெரிய உடம்பை, சிட்டிகை சிட்டிகையாப் பொறுக்கித் திங்கற பழத்துல நிறுத்த முடியாதுங்க.

அது தேடறது கொழுப்பை. சீல்ல வளையச் சீல்னு ஒரு வகை, பனிக்கரடிக்கு முக்கியத் தீனி அதுதான். சீல் தண்ணிக்குள்ள வாழ்ந்தாலும் நம்மள மாதிரி மூச்சு விடற சாதி. ஐஸ்ல ஓட்டை போட்டு, உறைஞ்சு மூடாம நகத்தால சொரண்டிச் சொரண்டி வெச்சுக்கும். கரடி மோப்பத்துல அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சு, பக்கத்துல மணிக்கணக்கா ஆடாம அசையாமக் காத்துக் கிடக்கும். சீல் மூக்கை நீட்டினதும் ஒரே அடி, அப்படியே கவ்வி மேல தூக்கிரும். ஐஸ் இல்லேன்னா ஓட்டை ஏது? திறந்த கடல்ல சீலைத் துரத்திப் பிடிக்கற வேகம் கரடிக்குக் கிடையாது. அதுக்கு ஐஸ்ங்கறது வேட்டையாட நிக்கற தரை.

வசந்த காலத்துலதான் அதுக்கு அறுவடை. மார்ச், ஏப்ரல்ல சீல் குட்டி போடும், ஐஸ் மேல குவிஞ்ச பனிக்குள்ள குகை மாதிரிப் பண்ணி. பால் குடிச்சுக் கொழுத்த குட்டியில பாதி எடை கொழுப்பா இருக்கும். ஐஸ் உடையறதுக்கு முந்தின அந்த ரெண்டு மூணு மாசத்துலதான் கரடி வருசத்துக்கு வேண்டிய கொழுப்புல பெரும்பகுதியைச் சேர்க்குது. தீனி நெறையக் கிடைச்சா தோலையும் கொழுப்பையும் மட்டும் தின்னுட்டு கறியை விட்டுட்டுப் போயிரும். அந்தக் கறியை துருவ நரி பார்த்துக்கும். தின்ன கொழுப்புல 97 சதவீதம் வரைக்கும் செரிச்சு உடம்புல சேர்த்துக்குது. கொழுப்பு எரியறப்ப உடம்புக்குள்ளயே தண்ணியும் கிடைச்சுருது.

நான் வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கால்நடை மருத்துவரா இருந்து ஓய்வு பெற்றவன். மழை பொய்ச்ச வருசத்துல, கொரங்காடுங்கற எங்க பக்கத்து மேய்ச்சல் நிலத்துல கொழுக்கட்டைப் புல்லு கருகி, வெள்வேலங்காய் பொறுக்கித் தின்னு நிக்கற மாடுகளை நெறையப் பார்த்திருக்கேன். வால் அடியில கை வெச்சு அழுத்தி, இடுப்பெலும்பு மேல சதை எத்தனை இருக்குன்னு பார்த்து 1-லிருந்து 5 வரைக்கும் ஒரு மதிப்பு போடுவோம். 1 எலும்பும் தோலும், 5 உருண்டு கொழுத்தது. 2-க்குக் கீழ போன பசு பருவத்துக்கே வராது, சினை ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை. பனிக்கரடிக்கும் அதே 1-லிருந்து 5 மதிப்பைத்தான் போடறாங்க. ஊசி போட்டு மயக்கின கரடின்னா தொட்டுப் பார்த்து, இல்லேன்னா தூரத்துல இருந்து பின்பக்க உருட்சியைப் பார்த்து. அந்தக் கட்டுரைகளைப் படிச்சப்ப எனக்கு வேற உலகத்துப் பிராணியாவே தோணலீங்க.

ஒண்ணு மட்டும் பசங்ககிட்ட அழுத்திச் சொல்லுங்க. 2017-ல எலும்பும் தோலுமா ஒரு பனிக்கரடி தள்ளாடி நடக்கற வீடியோ உலகம் பூராவும் ஓடுச்சு. அந்த ஒரு கரடி எதனால அப்படி ஆச்சுன்னு யாரும் சோதிச்சுப் பார்க்கலை. வயசாகிப் பல்லு போயிருக்கலாம், சீக்கு இருந்திருக்கலாம். ஒத்தை மாட்டைப் பார்த்துட்டு தாலூக்காவுல பஞ்சம்னு ரிப்போர்ட் எழுத மாட்டோம். ஒரே இடத்துல, வருசா வருசம், நூத்துக்கணக்கான கரடியைப் பிடிச்சு எடை போட்ட கணக்குத்தான் நம்ப வேண்டியது.

திருப்பூர் பனியன்

டாக்டருங்க, அருமை. நான் சிங்கப்பூர்ல வேலையில இருந்தப்ப அங்க மிருகக்காட்சிசாலையில இனூக்காவைப் பார்த்திருக்கேனுங்க. 1990-ல அங்கயே பொறந்த பனிக்கரடி, வெப்ப நாட்டுல பொறந்த முதல் பனிக்கரடின்னு பேரு. 2018-ல வயசாகி, நடக்க முடியாமப் போயி, கருணைக் கொலை பண்ணுனாங்க. அன்னிக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

டீச்சர், பசங்களுக்குச் சொல்ல ஒரு விசயம். 2004-ல இனூக்காவும் அதோட அம்மா ஷீபாவும் பச்சை நிறமாயிருச்சுங்க. பனிக்கரடி முடியில வெள்ளைச் சாயம்னு எதுவுமே கிடையாது. நிறமில்லாத முடி, அதுல வெளி முடி உள்ள கூடா இருக்கும், வெளிச்சம் பட்டுச் சிதறி நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது. அந்த ஊர் ஈரச்சூட்டுல முடிக் கூட்டுக்குள்ள பாசி பிடிச்சிருச்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுத்தான் வெளுக்க வெச்சாங்க. நம்ம பிளீச்சிங் பட்டறையில காடாத் துணிக்குப் போடற அதே பெராக்சைடுதானுங்க.

கொரங்காடு டாக்டர்

ஆமாங்க தம்பி. முடிக்குக் கீழ தோல் கருப்பு. அந்த முடி வெயிலைக் குழாய் மாதிரித் தோலுக்குக் கொண்டு போகுதுன்னு பழைய புஸ்தகத்துல போட்டிருக்கும். சோதிச்சுப் பார்த்து அது இல்லைன்னு ஆயிருச்சு, பசங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். குளிரைத் தாங்கறது முடியோட அடர்த்தியாலயும், தோலடியில பத்து செண்டிமீட்டர் வரைக்கும் இருக்கற கொழுப்பாலயும். பனிக்கரடிக்கு நெசமான தொந்தரவு சூடு. கொஞ்ச தூரம் வேகமா ஓடினாலே உடம்பு கொதிச்சிரும், பனியில உருண்டு ஆத்திக்கும்.

ஈரோடு மஞ்சமண்டி

டாக்டருங்க, கோவிச்சுக்காதீங்க. நான் படிச்ச வரைக்கும் 1960-கள்ல பனிக்கரடி 5,000-தான் இருந்துச்சாம், இன்னைக்கு 26,000. அப்பறம் எதுக்கு அழியப்போகுதுன்னு சொல்றாங்க? பசங்களைப் பயமுறுத்தாம இதையும் டீச்சர் சொல்லணும்ல?

கொரங்காடு டாக்டர்

தம்பி, கேட்டது நல்லதுங்க. 26,000 உத்தேசமா ஒத்துக்கற கணக்கு, 22,000-க்கும் 31,000-க்கும் நடுவுலன்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்து 5,000-ங்கறது எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. விமானத்துல ஏறி ஆராய்ஞ்சு எண்ணற முறையெல்லாம் அப்பறம் வந்தது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் கழிக்கக் கூடாது.

ஆனா உங்க பேச்சுல ஒரு உண்மை இருக்கு, அதை டீச்சர் கண்டிப்பா சொல்லணும். அன்னைக்குப் பனிக்கரடிக்கு எமனா இருந்தது துப்பாக்கி. விமானத்துல போயி தோலுக்காகவும் பெருமைக்காகவும் சுட்டுத் தள்ளினாங்க. சோவியத் யூனியன் 1956-லயே வேட்டையைத் தடை பண்ணுச்சு. 1973-ல ஆஸ்லோவுல கனடா, அமெரிக்கா, நார்வே, டென்மார்க், சோவியத் யூனியன் அஞ்சு நாடும் உக்காந்து ஒப்பந்தம் போட்டாங்க. பனிப்போர் நடந்திட்டிருந்த காலம், ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்காத நாடுக, ஒரு கரடிக்காக ஒரே காகிதத்துல கையெழுத்துப் போட்டுச்சு. எனக்கு அதை நெனைச்சா இன்னைக்கும் சந்தோசம். வேட்டை கட்டுக்குள்ள வந்ததும் பல இடத்துல கரடி பெருகுச்சு. இன்யூட் மாதிரி அந்தப் பனிப் பகுதியிலயே வாழற பழங்குடி மக்களுக்கு ஒரு அளவு வெச்சு இன்னைக்கும் அனுமதி இருக்கு, அது அவங்க வாழ்க்கை.

இப்ப இருக்கறது வேற பிரச்சினை. அதை இடம் இடமாப் பிரிச்சுப் பார்க்கணும். பனிக்கரடியைச் சுமார் இருபது கூட்டமாப் பிரிச்சுக் கணக்கு வெக்கறது வழக்கம். எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி இல்லை. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவுல சுக்சி கடல்ல இருக்கற கரடிக, ஐஸ் குறைஞ்சும், ஆராய்ஞ்சு பார்த்த வருசங்கள்ல நல்லாக் கொழுத்தே இருந்துச்சு. அந்தக் கடல்ல தீனி அத்தனை. மேற்கு ஹட்சன் விரிகுடாவுல 1980-கள்ல 1,200 போல இருந்தது, 2016-ல 842, 2021-ல 618. அங்க கோடையில ஐஸ் முழுசா உருகிரும், கரடி மொத்தமும் கரைக்கு வந்தாகணும். 1980-களோட பார்த்தா இப்ப மூணு நாலு வாரம் கூடுதலாக் கரையில பட்டினி கிடக்குது. நாளுக்கு ஒரு கிலோன்னு மேல சொன்னேனில்லீங்களா? பட்டினி மட்டும் நீளலை, அறுவடை மாசத்துலயும் அந்த நாளுக கழிஞ்சு போகுது. ரெண்டு பக்கமும் நட்டம்.

ஈரோடு மஞ்சமண்டி

ஓ, கூட்டம் கூட்டமாப் பார்க்கணும்னு இப்பத்தான் புரியுதுங்க. ரொம்ப நன்றிங்க டாக்டர். குளிர்காலத்துல தூங்கிக் கழிச்சிரும்னு சொல்லுவாங்களே, அதே மாதிரி கோடையிலயும் தூங்கிக் கழிக்க முடியாதுங்களா?

கொரங்காடு டாக்டர்

பனிக்கரடியில சினையான பெண்ணு மட்டும்தான் குளிர்காலத்துல குழிக்குள்ள போயி அடையும். ஆணும் மத்த பெண்ணும் இருட்டிலயும் குளிரிலயும் ஐஸ் மேல வேட்டையாடிட்டுத்தான் இருக்கும். கோடையில படுத்துக் கிடந்தாலும் உடம்பு அந்தத் தூக்க நிலைக்குப் போறதில்லை. ஐஸ் மேல போறப்பவும் செலவு அதிகம். 2018-ல வந்த ஒரு ஆய்வுல, அதுவரைக்கும் நெனைச்சதைவிட 1.6 மடங்கு தீனி வேணும்னு தெரிஞ்சுது. பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஒரு பெரிய சீல் கிடைச்சே ஆகணும்.

டீச்சரம்மா, குட்டி பத்திக் கேட்டீங்க. இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

இணையறது ஏப்ரல், மே வாக்குல. ஆனா கரு உடனே கருப்பையில ஒட்டாது. சின்னப் பந்தா அப்படியே மெதந்துட்டு, செப்டம்பர், அக்டோபர் வரைக்கும் காத்திருக்கும். அந்த மாசங்கள்ல தாய் தின்னு தின்னு எடை ஏறணும், சிலது ரெண்டு மடங்கு ஆயிரும். போதுமான கொழுப்பு சேரலைன்னா கரு நிலைக்கறதில்லை. ஹட்சன் விரிகுடாவுல பார்த்தப்ப, குழிக்குப் போற சமயத்துல 189 கிலோவுக்குக் கீழ இருந்த தாய் எதுவும் குட்டி போடலை. எத்தனை வருசம் எத்தனை பசுவுக்கு "உடம்பு தேறட்டுங்க, அப்பறம் ஊசி போடலாம்"னு சொல்லியிருப்பேன்! அங்க அந்த முடிவைக் கரடியோட உடம்பே எடுத்துக்குது.

நவம்பரிலிருந்து ஜனவரிக்குள்ள பனிக்குழிக்குள்ள குட்டி பொறக்கும், பெரும்பாலும் ரெட்டை. ஒரு குட்டி 600 கிராம் சொச்சம்தான். கண்ணு திறந்திருக்காது, மேல மெல்லிசா ரோமம். 200, 250 கிலோ தாய்க்கு உள்ளங்கையில அடங்கற குட்டி. தாய் வாயில ஒரு வாய்த் தீனி கிடையாது, அது எழுந்து வெளியவும் போறதில்லை. தன் உடம்புக் கொழுப்பைக் கரைச்சுப் பாலாக் கொடுக்குது. நம்ம பால் சொசைட்டியில பசும்பாலுக்குக் கொழுப்பு 4 வந்தா நல்ல பால்ங்கறோம், எருமைக்கு 7. பனிக்கரடிப் பால்ல 30-க்கு மேல. மார்ச், ஏப்ரல்ல வெளிய வர்றப்ப குட்டி 10, 12 கிலோ ஆயிருக்கும். ஹட்சன் விரிகுடாத் தாய் ஜூலையில ஐஸை விட்டு இறங்கினதுல இருந்து அதுவரைக்கும் எட்டு மாசம் தின்னிருக்காது. வெளிய வந்து அது நேராக் குட்டிகளைக் கூட்டிட்டு நடக்கறது சீல் குட்டி போடற ஐஸை நோக்கித்தான். அந்த நேரம் பார்த்து ஐஸ் மோசமா இருந்தா முதல்ல பால் வத்தும், முதல்ல போறது குட்டி. கூட்டம் குறையறது இப்படித்தானுங்க, பெரிய கரடி சாகறதைவிட வளர்ற குட்டி இல்லாமப் போறதுல.

முதுகுல ஏத்திட்டுப் போறது நம்ம கரடியோட தனி வழக்கம். தாய் முதுகுல நீளமா முடி இருக்கும், குட்டி அதைப் பிடிச்சு உக்காந்துக்கும். பனிக்கரடிக் குட்டி தாயோட கால் தடத்துலயே பின்னால நடந்து போகும். ரெண்டரை வருசம் கூடவே இருந்து வேட்டை கத்துக்கும். அதனால ஒரு தாய் மூணு வருசத்துக்கு ஒரு தடவைதான் குட்டி போட முடியும்.

நீச்சல் பத்திக் கேட்டா இதையும் சொல்லுங்க. 2008-ல அலாஸ்காவுக்கு வடக்கால இருக்கற போஃபோர்ட் கடல்ல ஒரு தாய் ஐஸைத் தேடி ஒரே மூச்சா 9 நாள், 687 கிலோமீட்டர் நீந்துச்சு. கழுத்துப் பட்டை சொன்ன கணக்கு. ரெண்டு மாசம் கழிச்சு அதைப் பிடிச்சுப் பார்த்தா எடையில 22 சதவீதம் போயிருந்துச்சு. கூட இருந்த ஒரு வயசுக் குட்டி இல்லை.

தாளவாடி டீச்சர்

டாக்டரய்யா, படிக்கப் படிக்கக் கண்ணு கலங்கிருச்சுங்க. பால் கொழுப்புக் கணக்கு எங்க பசங்களுக்குச் சட்டுனு புரியும், பாதி வீட்டுல மாடு இருக்கு. பலகையில 12 மாசமும் எழுதி, எந்த மாசம் தீனி, எந்த மாசம் பட்டினி, எப்ப குட்டின்னு அவங்களையே நிரப்பச் சொல்லப்போறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இங்க ஓட்டல் கழிவைக் கொட்டற இடத்துக்குக் கரடி, பன்னியெல்லாம் பழகி வருது. அங்க பசியோட ஊருக்குள்ள வர்ற பனிக்கரடிக்குத் தீனி போட்டுக் காப்பாத்த மாட்டாங்களான்னு அந்தப் பையன் அடுத்துக் கேட்பான், எனக்குத் தெரியும்.

கொரங்காடு டாக்டர்

கேட்பான், கேட்கணும். ஹட்சன் விரிகுடாக் கரையில சர்ச்சில்னு ஒரு சின்ன ஊர் இருக்குங்க. நவம்பர்ல கடல் உறையறதுக்காகக் கரடிக அங்க வந்து கூடும். முந்தி ஊர்க் குப்பைமேட்டுல கரடி மேயும். அப்பறம் குப்பைமேட்டை மூடிட்டு, குப்பையைக் கட்டிடத்துக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. ஊருக்குள்ள வர்ற கரடியைச் சத்தம் போட்டு விரட்டுவாங்க. கேக்கலைன்னா, பெரிய இரும்புக் குழாய்க்குள்ள சீல் கொழுப்பு வெச்சுப் பிடிச்சு, பழைய ராணுவக் கட்டிடத்துல கொஞ்ச நாள் அடைச்சு வெப்பாங்க. உள்ள தண்ணி உண்டு, தீனி கிடையாது. தீனி போட்டா அடுத்த வருசமும் ஊருக்கே வரும், வந்தா ஆள் மேல பாயும், கடைசியில சுட வேண்டி வரும். எப்படியும் அது பட்டினி மாசம்தானே, அந்த நாளுகளைத் தாங்கற கொழுப்பு உடம்புல இருக்கும். அப்பறம் ஊசி போட்டு மயக்கி, ஹெலிகாப்டருக்குக் கீழ வலையில தொங்க விட்டு, ஊருக்கு வடக்கால தூரமாக் கொண்டு போயி விட்டுருவாங்க.

12 மாசம் எழுதறப்ப மேல "ஹட்சன் விரிகுடா"ன்னு போட்டுருங்க டீச்சரம்மா. வடக்கே போகப் போக ஐஸ் உருகற மாசமும் உறையற மாசமும் மாறும், சில இடத்துல கரடி கரைக்கு இறங்காம வருசம் பூரா ஐஸ் மேலயே இருக்கும்.